எண்ணிக்கை தேறியது, வாய் தேறியதா?

1981 ஜூன் 5. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வாராவாரம் வெளியிடும் அறிக்கையில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர்கள் ஐந்து பேரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. வயது 29 முதல் 36 வரை. அதுவரை நோய் நொடி இல்லாமல் இருந்தவர்கள். ஐந்து பேருக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற அரிய வகை நிமோனியா. அறிக்கை அச்சேறும் முன்பே இருவர் இறந்துவிட்டார்கள். எய்ட்ஸ் என்ற பெயரே பிறக்காத அந்த நாளில், அந்த நோயைப் பற்றி மருத்துவ உலகம் படித்த முதல் பதிவு அதுதான்.

நிமோனியா எல்லோர் கவனத்தையும் இழுத்துக்கொண்டது. அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஐந்து பேருக்குமே வாய், உணவுக்குழாய் போன்ற இடங்களின் மென்சவ்வில் கேண்டிடா என்ற பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவர் மைக்கேல் காட்லீப், அதே ஆண்டு டிசம்பரில் விரிவான கட்டுரை எழுதியபோது, நிமோனியாவுக்குப் பக்கத்திலேயே இந்தப் பூஞ்சைத் தொற்றையும் தலைப்பில் சேர்த்தார்.

நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியிருப்பதுபோல வெள்ளைப் படலம் படிவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. பச்சிளங் குழந்தைகளுக்கு வரும். நீரிழிவு முற்றியவர்களுக்கு வரும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு வரும். முப்பது வயதில், திடமாக நடமாடிக்கொண்டிருந்த ஓர் ஆளின் நாக்கில் அது எதற்கு வர வேண்டும்? இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனவர்கள்தான், வாய் என்ற இடத்துக்கு உடம்பு எவ்வளவு நுணுக்கமான காவல் போட்டிருக்கிறது என்பதையும், எச்.ஐ.வி. அதில் எந்த இடத்தில் கைவைக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள். அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை. சிகிச்சை நன்றாக வேலை செய்து, ரத்தப் பரிசோதனை சீட்டில் எல்லா எண்ணும் திருப்தியாக வந்த பிறகும், வாயின் காவல் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன.

உமிழ்நீருக்குள் ஒரு படை

ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை நமக்கு உமிழ்நீர் சுரக்கிறது. வாயில் வாழக்கூடியவையாக இதுவரை அடையாளம் காணப்பட்ட பாக்டீரியா இனங்கள் 700ஐத் தாண்டும். இவை போக, ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேரின் வாயில் கேண்டிடா பூஞ்சை சத்தமில்லாமல் குடியிருக்கிறது. சூடான காப்பி, முள் நிறைந்த மீன், கடினமான முறுக்கு, தப்பிப் பட்ட பல் என்று அந்த மென்சவ்வு தினமும் ஏதோ ஒரு கீறலை வாங்குகிறது. அப்படியிருந்தும் வாய் சீழ் பிடிப்பது அபூர்வம்.

காரணம் உமிழ்நீரிலேயே இருக்கிறது. லைசோசைம் பாக்டீரியாவின் சுவரை உடைக்கிறது. லாக்டோஃபெரின் கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச்சத்தைத் தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஹிஸ்டாடின் என்ற சிறு புரதம் பூஞ்சையைக் கொல்கிறது. ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள்கள் கிருமிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அவை சவ்வைப் பற்றவிடாமல் தடுக்கின்றன. சவ்வின் செல்களும் டிஃபென்சின் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடுக்கின் வழியாக நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன.

இத்தனை பேரையும் ஏவி வேலை வாங்குபவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவற்றில் டி.எச்.17 என்ற பிரிவு வாய்க்கு மிக முக்கியமானது. இவை ஐ.எல்.17, ஐ.எல்.22 என்ற சமிக்ஞைப் பொருள்களை வெளியிடும். அவை கிடைத்தவுடன் சவ்வு செல்கள் டிஃபென்சினைக் கூடுதலாகச் சுரக்கும், நியூட்ரோஃபில்கள் அழைக்கப்படும், தேய்ந்த சவ்வு புதுப்பிக்கப்படும்.

இந்தச் செல்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இயற்கையே செய்து காட்டியிருக்கிறது. ஜாப் நோய் என்றொரு பரம்பரைக் கோளாறு. ஸ்டாட்3 என்ற மரபணுவில் பிழை இருந்தால் வருவது. அந்தப் பிழை 2007இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அந்த நோயாளிகளுக்கு டி.எச்.17 செல்கள் உருவாவதே இல்லை என்பது தெரிந்தது. அவர்களை ஆயுள் முழுக்கத் தொந்தரவு செய்பவற்றில் ஒன்று, வாயிலும் நகத்திலும் திரும்பத் திரும்ப வரும் கேண்டிடா. இன்னொரு சான்று தோல் நோய் மருத்துவர்களின் அறையில் கிடைக்கிறது. சொரியாசிஸுக்காக ஐ.எல்.17ஐத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு வாயில் இதே வெண்படலம் வருகிறது.

வைரஸ் கைவைக்கும் இடம்

எச்.ஐ.வி. நுழைவது சிடி4 என்ற அடையாளம் தாங்கிய டி செல்களுக்குள். நுழைய இன்னொரு பிடிமானமும் வேண்டும். பெரும்பாலான நேரம் அது சிசிஆர்5 என்ற புரதம். சவ்வுப் பகுதிகளில் இருக்கும் டி.எச்.17 செல்களிடம் இரண்டுமே உண்டு. அதனால் முதலில் அடிபடுபவற்றில் அவை முன்வரிசையில் இருக்கின்றன. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 முதல் 1500 வரை சிடி4 செல்கள் இருக்கும். அது 200க்குக் கீழே இறங்கும்போது வாயில் வெண்படலம் அடிக்கடி தலைகாட்டும். 100க்கும் கீழே போனால் அது உணவுக்குழாய்க்கு இறங்கி, ஒரு வாய்ச் சோறு விழுங்குவதே வேதனையாகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையால் நியூட்ரோஃபில்கள் அற்றுப்போனவர்களுக்கு கேண்டிடா ரத்தத்திலேயே கலந்து உயிருக்கு உலை வைக்கும். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கோ வாயும் தொண்டையும் பூஞ்சையால் நிறைந்திருக்கும். ரத்தத்தில் அது பரவுவது அரிது. ஒரே பூஞ்சைக்கு உடம்பு இரண்டு தனித்தனிக் காவல் வைத்திருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கியது. ரத்தத்தைக் காப்பவை நியூட்ரோஃபில்கள். வாயைக் காப்பதில் டி செல்களுக்கே பெரும் பொறுப்பு. எச்.ஐ.வி. பறிப்பது அந்த இரண்டாவது காவலை.

கேண்டிடாவும் சும்மா இருப்பதில்லை. காவல் இருக்கும்வரை உருண்டையாக, ஈஸ்ட் வடிவில் ஒதுங்கிக் கிடக்கும். காவல் தளர்ந்ததும் நூல் நூலாக நீண்டு சவ்வைத் துளைக்கும். அப்படித் துளைக்கும்போது அது கேண்டிடாலைசின் என்ற நச்சைக் கக்குகிறது என்பதை, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இருந்த குழு 2016இல் வெளியிட்டது. மனிதர்களுக்கு நோய் தரும் பூஞ்சை ஒன்றில் செல்லைத் துளைக்கும் இப்படிப்பட்ட புரத நச்சு கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. பூஞ்சைக்குப் புரதத்தை வெட்டும் நொதிகளும் உண்டு. உமிழ்நீரின் ஹிஸ்டாடினையே அவை வெட்டிப்போடுகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உமிழ்நீரில் ஹிஸ்டாடின் ஏற்கெனவே குறைவாக இருப்பதை மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கையிருப்பும் குறைவு, இருப்பதற்கும் பாதுகாப்பில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால், சிடி4 எண்ணை மட்டும் பார்த்து யாருக்கு வெண்படலம் வரும் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஒரே மாதிரி எண் உள்ள இருவரில் ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் ஃபிடல் குழு இந்தப் புதிரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. சிடி4 செல்கள் குறைந்ததும் சிடி8 என்ற வேறு வகை டி செல்கள் உதவிக்கு வருகின்றன. வெண்படலம் வந்தவர்களின் வாய்ச் சவ்வைச் சிறிது எடுத்துப் பார்த்தபோது, அந்தச் செல்கள் திரளாக வந்திருந்தும், பூஞ்சை இருக்கும் மேல் அடுக்குக்குப் போகாமல் கீழேயே நின்றுவிட்டது தெரிந்தது. செல்கள் மேலே ஏறிப் போக உதவும் இ-கேட்ஹெரின் என்ற புரதம் அந்த இடத்தில் குறைந்திருந்தது. வாயின் பாதுகாப்பை ரத்தத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

நாக்கின் ஓரத்தில் கண்ட வரிகள்

பூஞ்சை மட்டுமல்ல, உடம்பில் ஒடுங்கிக் கிடக்கும் வைரஸ்களும் இந்த நேரத்தில் எழுந்துகொள்கின்றன. சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டெபோரா கிரீன்ஸ்பான், ஜான் கிரீன்ஸ்பான் தம்பதி எண்பதுகளின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார்கள். சில நோயாளிகளின் நாக்கின் ஓரத்தில் செங்குத்து வரிகளாக, சொரசொரப்பான வெள்ளைத் திட்டு இருந்தது. வெண்படலத்தைத் துடைத்தால் வந்துவிடும், இது வரவில்லை. 1984இல் இதை 'ஹேரி லுகோபிளேக்கியா' என்று பெயரிட்டு எழுதினார்கள். மறு ஆண்டு, நம்மில் பெரும்பாலோரின் உடம்பில் வாழ்நாள் முழுக்க உறங்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் அந்தத் திட்டில் பெருகுகிறது என்பது உறுதியானது. அந்த ஆண்டுகளில் காரணம் தெரியாத ஒரு நோயை நேருக்கு நேர் பார்க்கப் பல மருத்துவர்களே தயங்கினார்கள். அந்த நோயாளிகளை வாயைத் திறக்கச் சொல்லி, பொறுமையாகப் பார்த்துக் குறித்துவைத்த பல் மருத்துவர்களுக்கு மருத்துவ உலகம் பெரிய கடன்பட்டிருக்கிறது.

அண்ணத்தில் ஊதா நிறக் கட்டியாக எழும் கபோசி சார்கோமா என்ற புற்றுநோய், ஈறுகள் அழுகி ரத்தம் கசியும் தீவிர ஈறு நோய், குழந்தைகளுக்குக் காதுக்கடியில் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவது என்று பட்டியல் நீளும். உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி.யை நான்கு நிலைகளாகப் பிரித்தபோது, கடைவாய் வெடிப்பும் அடிக்கடி வரும் வாய்ப்புண்ணும் இரண்டாம் நிலையிலும், விடாத வெண்படலமும் நாக்கோரத் திட்டும் மூன்றாம் நிலையிலும், உணவுக்குழாய்ப் பூஞ்சை நான்காம் நிலையிலும் இடம்பெற்றன. ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலும், ஒரு டார்ச் விளக்கு இருந்தால் நோய் எங்கே நிற்கிறது என்று ஓரளவு கணிக்கலாம்.

சென்னைக்கு இது நேரடி அனுபவம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், மாணவி செல்லப்பன் நிர்மலா இருவரின் முயற்சியால்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே தெரியவந்தது. நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். எச்.ஐ.வி.க்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து சிகிச்சை எளிய மக்களின் கைக்கு எட்டாத, சிடி4 பரிசோதனைக்கே பெருந்தொகை செலவழிக்க வேண்டியிருந்த காலம் அது. ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியின் கே. ரங்கநாதன் குழு, ஒய்.ஆர்.ஜி. கேர் மருத்துவர்களோடு சேர்ந்து எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்தது. முதலில் தென்னிந்திய நோயாளிகள் 300 பேர்; அந்த ஆய்வு 2000இல் வெளியானது. பிறகு 1000 பேர், அது 2004இல். மேலைநாட்டு நோயாளிகளை வைத்து எழுதப்பட்ட விவரங்களையே நம்பியிருந்த நம் மருத்துவர்களுக்கு, நம் மக்களின் வாயில் எது எப்போது வருகிறது என்று சொன்ன பதிவுகள் அவை. அதே 2004 ஏப்ரலில்தான் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது.

வாய்ப்புண் என்றால் உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். சாதாரணப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும் என்பதால் அந்த வழக்கத்தில் தவறில்லை. ஆனால் நடுவயதில் ஒருவருக்கு நாக்கில் வெள்ளை படர்ந்து, துடைத்தால் கீழே சிவந்து, வாரக்கணக்கில் போகாமல் இருந்தால், அல்லது போய்ப் போய்த் திரும்பினால், அதைக் கீரையோடு விட்டுவிடக் கூடாது. நீரிழிவுக்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்தே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாக வைக்கப்படும்.

எச்சிலால் பரவாதது ஏன்?

வாயின் காவல் எச்.ஐ.வி.யிடம் தோற்கும் கதையை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. எச்.ஐ.வி.யைத் தடுப்பதிலும் வாய் கெட்டிதான். 1990களின் நடுவில், அமெரிக்க தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் உமிழ்நீரில் உள்ள எஸ்.எல்.பி.ஐ. என்ற புரதம் எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைவதைத் தடுப்பதைக் காட்டினார்கள். உமிழ்நீரில் உப்புச் செறிவு ரத்தத்தைவிட மிகக் குறைவு. வைரஸைச் சுமந்து வரும் வெள்ளணுக்கள் அதில் விழுந்தால் நீர் உறிஞ்சி வெடித்துவிடுகின்றன. உமிழ்நீரில் வைரஸின் அளவும் அற்பம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, முத்தத்தாலோ எச்.ஐ.வி. பரவாததற்கு இவையெல்லாம் சேர்ந்த காரணம். தட்டைத் தனியாக ஒதுக்கி வைக்கும் குடும்பங்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். விதிவிலக்காகச் சொல்ல வேண்டியது தாய்ப்பால். மாதக்கணக்கில், நாளுக்குப் பலமுறை குடிக்கும் குழந்தைக்கு வாய், குடல் வழியாகத் தொற்று வர வாய்ப்பு உண்டு. தாய் மருந்தை ஒழுங்காக எடுத்து, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது.

ஈறில் துடைத்துச் செய்யும் விரைவு எச்.ஐ.வி. சோதனைக்கு அமெரிக்கா 2004இல் அனுமதி தந்தபோது, 'அப்படியானால் எச்சிலில் வைரஸ் இருக்கிறதே' என்ற பயம் கிளம்பியது. அந்தச் சோதனை தேடுவது வைரஸை அல்ல. ஈறிலிருந்து கசியும் நீரில் உள்ள எதிர்ப்பொருளை.

மருந்துக்குப் பிறகும் அடங்காத வாய்

1996இல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்ததும் வாயின் நிலை தலைகீழானது. வெண்படலமும் நாக்கோரத் திட்டும் மளமளவென்று குறைந்தன. இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கலந்திருந்தது. அன்றைய சில எச்.ஐ.வி. மருந்துகள் வைரஸின் புரதம் வெட்டும் நொதியைத் தடுப்பவை. கேண்டிடாவின் நொதிகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அந்த மருந்துகள் பூஞ்சையையும் முடக்குகின்றன என்று ரோம் நகரில் அந்தோனியோ கசோனே குழு 1999இல் காட்டியது.

ஆனால் எல்லாமே குறையவில்லை. சிகிச்சை பெறுபவர்களின் வாயில் ஹெச்.பி.வி. வைரஸால் வரும் மருக்கள் முன்பைவிட அதிகமாகத் தென்படுவதாக கிரீன்ஸ்பான் குழு 2001இல் எழுதியது. வாய் வறட்சியும் ஈறு நோயும் தொடர்ந்தன. ஹெச்.பி.வி. தொடர்பான தொண்டைப் புற்றுநோய் ஆபத்தும் மற்றவர்களைவிட இவர்களுக்குக் கூடுதல். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு ஒடுங்கிய பிறகும் வாயில் ஏன் அமைதி திரும்பவில்லை?

கிளீவ்லாந்து நகரின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் புஷ்பா பாண்டியன், நடராஜன் பாஸ்கரன் உள்ளிட்ட குழு இதைத் தேடியது. கூட்டு மருந்து எடுத்துக்கொள்பவர்களின் வாய்ச் சவ்வையும், எச்.ஐ.வி. இல்லாதவர்களின் சவ்வையும் ஒப்பிட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சவ்வில் டி செல்கள் காரணமில்லாமல் கிளர்ந்த நிலையிலேயே இருந்தன. சாதாரணமாக இப்படிப்பட்ட கிளர்ச்சியை அடக்கி வைப்பதற்கென்று ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உண்டு. அவை வாயில் குறைவாக இல்லை. எண்ணிக்கையில் பெருகியே இருந்தன. ஆனால் பிடி-1, ஆம்ஃபிரெகுலின் என்ற குறிகளைத் தாங்கிய அந்தச் செல்கள் அடக்கும் திறனை இழந்திருந்தன. ஆய்வுக்கூடத்தில் டான்சில் திசுவின் செல்களில் எச்.ஐ.வி. தொற்றை உண்டாக்கியபோதும் இதே மாற்றம் வந்தது. 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இந்த ஆய்வு வெளியானது.

கிளர்ச்சி அடங்காத சவ்வு ஈறை அரிக்கும். பல்லைத் தளரச் செய்யும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி முழு உடம்பையும் பாதிக்கக்கூடியது. இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யோடு வாழ்வதாக அரசின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. மருந்தின் தயவால் அவர்களில் பலர் ஐம்பதையும் அறுபதையும் எட்டுகிறார்கள். கூட்டு மருந்து மையத்தில் மாத்திரையைக் கொடுத்து, எடை பார்த்து, ரத்தத்தில் வைரஸின் அளவைக் (வைரல் லோடு) கேட்டு அனுப்பிவிடுகிறோம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எல்லா மையங்களிலும் கட்டாயமாக வேண்டும். ஈறில் ரத்தம், விழுங்கும்போது வலி, போகாத வறட்சி, மூன்று வாரமாக ஆறாத புண் ஆகியவற்றை நோயாளிகளும் தாமாகவே சொல்ல வேண்டும்.

சொல்லவிடாமல் தடுப்பது பயம். 1994 செப்டம்பரில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிட்னி அபாட் என்ற பெண் சொத்தைப் பல்லை அடைக்கப் போனார். எச்.ஐ.வி. இருப்பதை மறைக்காமல் படிவத்தில் எழுதினார். பல் மருத்துவர் தன் கிளினிக்கில் செய்ய மறுத்து, மருத்துவமனைக்கு வந்தால் செய்வதாகவும், மருத்துவமனைச் செலவை சிட்னியே ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அறிகுறி எதுவும் தெரியாத எச்.ஐ.வி.யும் மாற்றுத்திறனாளிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1998 ஜூனில் தீர்ப்பு வந்தது.

உண்மையைச் சொன்னதால் மறுக்கப்படும் ஒவ்வொருவரும் அடுத்த இடத்தில் உண்மையை மறைப்பார்கள், அல்லது பல் மருத்துவரிடம் போவதையே விட்டுவிடுவார்கள். மறுப்பதற்கு மருத்துவக் காரணமும் கிடையாது. கையுறை, முகக்கவசம், கருவிகளை ஆட்டோகிளேவில் சுத்திகரிப்பது ஆகிய மூன்றும் எல்லா நோயாளிகளுக்கும் செய்ய வேண்டியவை, எச்.ஐ.வி.க்கென்று தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

இந்தியாவில் 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பது அதன்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடு. பல் சிகிச்சையும் இதில் அடக்கம். மறுக்கப்பட்டவர் மாநிலத்தின் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். புகார் கிடைத்த 30 நாளுக்குள் அவர் உத்தரவிட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால், கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்.